பைனாகுலருக்கு ஒரு செருப்பு

என் தாய்மாமனின் பைனாகுலர் மூடி வேடந்தாங்கல் ஏரியில் விழுந்தது 2012-ஆம் வருஷம் ஜனவரியில். விழுந்தது என்று எழுதினால் ஏதோ அதுவாக நீச்சல் பழகப் போன மாதிரி இருக்கிறது. நான்தான் தள்ளிவிட்டேன். பி.காம். கடைசி வருஷம். காலேஜ் பசங்களோடு பறவை பார்க்கப் போன இடத்தில், "நத்தைகுத்தி நாரைடா!" என்று எவனோ கத்த, திரும்பின வேகத்தில் கையிலிருந்த மூடி எகிறித் தண்ணீரில் 'ப்ளக்'. நாரை ஒன்று எட்டிப் பார்த்தது. சாப்பிடுகிற அயிட்டம் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தபோது மாமா அதை ஒருதரம் புரட்டிப் பார்த்தார். "போனாப் போவுது, வுடு மாப்ளே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றோடு கணக்கு தீர்ந்திருக்கும். திட்டவில்லையே! வருஷா வருஷம் 'முந்தைய ஆண்டு பாக்கி' என்று மனசுக்குள் கொண்டுவந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு ஊர் வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை. 'ராணுவப்பேட்டை' என்றும் சொல்வார்கள். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தராவது பட்டாளத்தில் இருந்திருப்பார், அல்லது இருப்பார், அல்லது சேருவதற்காக விடியற்காலையில் ஓடிக்கொண்டிருப்பார். மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ரிடையர் ஆனவர். பைனாகுலர் பட்டாளத்துச் சொத்து அல்ல (சந்தேகப்பட வேண்டாம்). லீவில் வந்தபோது சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ரஷ்யச் சரக்கு. மேலே 7×50 என்று பொறித்திருக்கும். ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இந்த 50-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானத்தை வாங்கப்போவது அதுதான்.

மாமா அதை வைத்துக்கொண்டு எதிரி யாரையும் பார்ப்பதில்லை. பஸ்ஸைப் பார்ப்பார். லீவு முடிந்து பக்கத்து வீட்டுப் பையனோ, எதிர் வீட்டுப் பையனோ, அவருடைய சொந்தப் பையனோ (என் மச்சான், அவனும் பட்டாளம்தான்) கிளம்பினால், பஸ் ஸ்டாப்புக்குப் போய் வழியனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பஸ் கிளம்பி, வயலோரமாகப் போய், வளைவில் திரும்பும் வரைக்கும் பார்ப்பார். மொத்தமே இரண்டு, இரண்டரை நிமிஷம். ஏன் என்று அத்தையிடம் ஒருதரம் கேட்டேன். "கீழ நின்னா எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க. கண்ணாண்ட அத்த வெச்சிகினா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

மூடி போன பிறகு மாமா பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்தார். ஒரு மழைக்காலம் கழிந்ததும், பஸ் பனிமூட்டத்துக்குள் போகிற மாதிரி தெரிய ஆரம்பித்தது. மார்ச் மாசத்தில் கம்மவான்பேட்டையில் ஏது பனிமூட்டம்? சென்னையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இழை இழையாகப் பூசணம். பைக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் செய்த வேலை. பூசணம் விடுகிற அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடுமாம். சுத்தம் செய்து கொடுத்தார். ஓரத்தில் மட்டும் ஒரு தழும்பு நின்றுவிட்டது. "மூடி போடுங்க சார், பை போடாதீங்க" என்றார். என் பாக்கிக்கு வட்டியும் சேர்ந்தது.

எப்படிப்பட்ட மூடி வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேன். தயாராக இருந்தார்.

"கழட்டி பாக்கெட்ல போடற மூடி வேணாம். காணாப்பூடும்." (என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதுமானதாக இருந்தது.) "ட்ரெய்னிங்ல ஒருத்தன் ரைஃபிள் ஸ்கோப்புல பாத்தேன். மூடி கொழாயிலயே இருக்கும். கட்டைவிரலால தட்டுனா மேல தூக்கிக்கும். தூசு, மழை எதுவும் உள்ள பூராது. கண்ணாடி வெயில்ல மின்னிச்சின்னா நீ எங்க படுத்துனுகீறன்னு எதிராளிக்கு நீயே தந்தி குடுத்த மாதிரி. அதுக்கோசரம் கடைசி நிமிசம் வரைக்கும் மூடியே வெச்சிருப்பான். தொறந்தா சத்தம் வரக் கூடாது."

"மாமா, நீங்க பாக்கறது டவுன் பஸ்ஸு."

"டவுன் பஸ்ஸு மட்டும் நிக்குமா நமக்காவ?"

நியாயம்தான். இரண்டு நிமிஷத்தில் பாதி நிமிஷம் மூடியோடு மல்லுக்கட்டினால் எப்படி?

துப்பாக்கி ஸ்கோப் மூடியின் ஜாதகமும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்களின் ஸ்கோப்புகளுக்குத் தோல் மூடிகள்தான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, காணாமல் போகாமலிருக்க நடுவில் ஒரு வார். கழற்றித் தொங்கவிட வேண்டும், ஒரு கையால் முடியாது. அப்புறம் பிளாஸ்டிக் வந்து, ஸ்பிரிங் வைத்து, விரலால் தட்டினால் திறக்கிற மூடி வந்தது. இன்றைக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

தந்தார்கள். லென்ஸ் 50 என்றால் மூடியும் 50 தானே? பி.காம். மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. வந்த மூடி பைனாகுலரின் வாயில்கூட நுழையவில்லை. கண்ணாடியைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறதல்லவா? மூடி உட்காருவது அந்த வளையத்தின் வெளிப்பக்கத்தில். சட்டை அளவு கேட்டால் எலும்பு அளவைச் சொன்ன கதை. அடுத்து 60 வாங்கினேன். மாட்டின ஜோரில் கழன்று விழுந்தது. மூன்றாவதாக 58. பொருந்தியது! ஆனால் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து அத்தை, "இன்னா, பல்லியா வுழுந்துச்சு?" என்றார். போகட்டும், சத்தத்தோடு குடும்பம் நடத்தலாம் என்று பார்த்தால், வேலூர் அக்னி நட்சத்திரம் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்த பைனாகுலரில் மூடியின் கீல் முதலில் வெளுத்தது, அப்புறம் விரிந்தது, அப்புறம் மூடி தனி, கீல் தனி. மூடி என்னமோ கெட்டியாகத்தான் இருந்தது. கீல் எறும்புக் கால் கனம். நாம் தினமும் மடக்குவது அதைத்தானே!

அப்போதுதான் அத்தை சொன்னார். "ஊர் ஒலகத்துக்கே செருப்பு தெச்சுக் குடுக்கறான் ஆம்பூர்ல. இதுக்கு ரெண்டு மூடி தெக்க மாட்டானா?"

மச்சான் லீவில் வந்திருந்தான். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறான். அன்று வியாழன். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கும், தண்ணி இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார். கோயில் இருக்கும், சாமி இருக்காது. (சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆகவே அந்த ஒன்றை அடித்துவிடலாம்.) காலியான இடத்தில் மூடி இல்லாத பைனாகுலரைச் சேர்த்துக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தேன்.

பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர். பெங்களூரு ஹைவேயில் பாலாறு கூடவே வருகிறது. வருகிறது என்று சொன்னால் மணல் கோபித்துக்கொள்ளும். இந்தத் தொழில் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்ததே தண்ணீருக்காகத்தான். தோலை ஊறவைக்க, கழுவ, மறுபடி ஊறவைக்க எல்லாமே தண்ணீர். குடித்த ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது உப்பையும் ரசாயனத்தையும். வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன்தான் காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகக் கால் ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், கழிவு சுத்திகரிப்பு கட்டாயம். 2025 ஜனவரியிலும் அதே கோர்ட் அதே ஆற்றைப் பற்றி மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தொகைப் பரீட்சையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத கணக்கைப் பார்க்கிற மாதிரி, ஜன்னல் வழியாக அந்த மணலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

இன்னொரு திருத்தம். ஆம்பூர் இப்போது வேலூர் மாவட்டம் இல்லை. 2019-ல் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. பேர்ணாம்பட்டு வேலூரோடு நின்றது. தோலை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை.

ஆம்பூரில் இறங்கினால் இரண்டு வாசனை வரவேற்கும். ஒன்று சீரகசம்பா பிரியாணி. மற்றது என்ன என்று சொல்லத் தேவையில்லை. சாலையோரம் பூராவும் ஷூ கடைகள். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய ஜோடிகள், தையல் ஒரு நூல் பிசகியதால் இங்கேயே தங்கிவிட்டவை. முதல் கடைப் பையனிடம் பைனாகுலரை நீட்டினேன். "சார், கால் எங்கே?" என்றான். பெல்ட், பர்ஸ் செய்கிற இரண்டாவது இடத்தில் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்து, "ஐந்நூறு பீஸ் ஆர்டர் குடுங்க, சாம்பிள் போட்டுத் தர்றோம்" என்றார்கள். மாமாவுக்கு இரண்டு போக, மீதி 498-ஐ எந்தத் தலைப்பில் காட்டுவது? மூன்றாவதாக ஒரு ஷூ கம்பெனி வாசல். ஷிப்ட் மாறுகிற நேரம். வேன் வேனாகப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் கால்களுக்கு மேல்தோல் தைக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். வாட்ச்மேன் என் கழுத்தையும் காம்பவுண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள எட்டிப் பாக்கத்தான வந்தே?"

கதையைச் சொன்னேன். பட்டாளத்து மாமா என்றதும் குரல் இறங்கியது. "பஜாருக்குப் போ. சந்துல ஒரு பாய் இருக்காரு. அவரு செய்வாரு. செய்யலைன்னா வேற யாரும் செய்ய மாட்டாங்க."

பாய்க்கு எழுபது இருக்கும். ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில், அதாவது தைத்த மேல்தோலைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்துப் பொருத்தும் இடத்தில், பல வருஷம் நின்று வேலை பார்த்தவர். முழங்கால் போன பிறகு சந்தில் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிறார். உதவிக்கு இருந்த பையனிடம் உருதுவில் ஏதோ சொன்னார். என்னிடம் தமிழில், "குடுங்க தம்பி" என்றார். பைனாகுலரை வாங்கி, செருப்புக் கடையில் குழந்தையின் காலைப் பிடிப்பார்களே, அப்படிப் பிடித்துப் பெருவிரலால் வளையத்தை அமுக்கிப் பார்த்தார்.

"58 பாய்" என்றேன், படித்தவன் தோரணையில்.

"எதுல அளந்தீங்க?"

"ஸ்கேல்ல. குறுக்கால."

"வட்டம் நசுங்கியிருந்தா எந்தக் குறுக்கு தம்பி?"

தையல்காரர் டேப்பை எடுத்து வளையத்தைச் சுற்றினார். இடது 181 மில்லிமீட்டர். வலது 183! எங்கோ ஒருதரம் இடித்துக்கொண்ட இடம் புடைத்திருந்தது. "மனுசனுக்கே எடது காலு வேற, வலது காலு வேற. இதுக்கு மட்டும் ஒண்ணாவா இருக்கும்?"

யோசித்துப் பாருங்கள். குறுக்கே அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் சுற்றளவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தெரியும். சுற்றி அளப்பவன் கண்ணுக்கு வித்தியாசம் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிகிறது. 181-ஐ 3.14-ஆல் வகுத்தேன். 57.6. நான் வாங்கிய 58 சும்மா ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர, பொருந்தவில்லை. ஷூவிலும் இதே கதைதான் என்றார் பாய். ஐரோப்பிய சைஸ் ஒவ்வொன்றும் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்றால் கட்டை 28 சென்டிமீட்டர். இங்கிலீஷ் சைஸ் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு அங்குலம். எல்லாம் நீளக் கணக்கு. "நீளம்தான் டப்பா மேல எழுதியிருக்கும். கடிக்கிறது சுத்தளவு."

அப்புறம் இரண்டு தோல் துண்டுகளை எடுத்து வெட்டின விளிம்பைக் காட்டினார். ஒன்றின் நடு சாம்பல் கலந்த நீலம். மற்றது உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. நீலம், க்ரோம் தோல். பழுப்பு, மரப்பட்டையில் பதனிட்டது. இரண்டையும் தண்ணீரில் நனைத்து என் கட்டைவிரல்மேல் வைத்து அமுக்கினார். பழுப்புத் தோல் விரல் வடிவத்தில் குழிந்து அப்படியே நின்றது. க்ரோம் தோல் கையை எடுத்ததும் 'நீ யாரோ, நான் யாரோ' என்று விரிந்துகொண்டது.

பாய் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் பழைய பழக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். பாதி பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறும். நூறு வருஷத்துக்கு முன்பு ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற இங்கிலீஷ்காரர் சென்னையில் க்ரோம் முறையைப் பரிசோதித்தார். பிறகு குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது அப்படித்தான். (தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் குரோம்பேட்டையைத் தாண்டும் ஆபீஸ் நண்பர்கள் கவனிக்கவும்.) 1970-களில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுசாகச் செய்து அனுப்பு, பொருளாகவே செய்து அனுப்பு என்றது. ஆம்பூர் தோல் மூட்டையிலிருந்து ஷூ டப்பாவுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். ஷூ மேல்தோலுக்கு க்ரோம்தான் வசதி. மிருதுவாக இருக்கும், வெந்நீரைத் தாங்கும், ஆயிரக்கணக்கில் மடக்கினாலும் விரியாது. பட்டைத் தோல் வடிவம் பிடிக்கும், ஆனால் ஒரே இடத்தில் மடக்கிக்கொண்டே இருந்தால் வெடிக்கும்.

"அப்ப மூடிக்கு எது பாய்?"

"ரெண்டும். குப்பி பட்டைத் தோலு, மடிப்பு க்ரோமு. நிக்க வேண்டியது நிக்கணும், மடங்க வேண்டியது மடங்கணும். பிளாஸ்டிக்காரன் ரெண்டையும் ஒரே சரக்குல ஊத்திட்டான். அதான் போச்சு."

கட்டைக்கு என்ன செய்வது? பைனாகுலர்மேலேயே ஈரத்தோலைப் போட்டால் மறுபடி பூசணம்தான். பாய் பையனை அனுப்பி ஹார்டுவேர் கடையில் ஒரு துண்டு பி.வி.சி. பைப் வாங்கிவரச் சொன்னார். 50 மில்லிமீட்டர் பைப்! (நான் சொன்ன 50 கடைசியில் ஒரு வேலைக்கு ஆயிற்று.) அதன்மேல் தோல் வாரை ஒரு சுற்று ஒட்டி அளந்தார். இன்னொரு சுற்று. டேப் 181 காட்டியதும் நிறுத்தினார். அடுத்த முனையில் 183. காலில் முடிச்சு இருக்கிறவருக்கு ஷூ செய்யும்போது கட்டையில் அந்த இடத்துக்கு மட்டும் தோல் ஒட்டி உயர்த்துவார்களாம். அதே வித்தை. இன்னும் ஒரு சுற்று ஏற்றினால் மூடிக்கான கட்டை தயார்.

ஈரத்தோலை இழுத்துப் பொருத்தி ஆணி அடித்தார். பித்தளை ஆணி. இரும்பு ஏன் கூடாது என்று கேட்டேன். "கறுத்துப்பூடும்" என்றார். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்பு வரைவது அந்தக் கூட்டணியை வைத்துத்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் மை எதற்கு?

"ஸ்பிரிங் வெக்கணுமே பாய்? தட்டினா மேல தூக்கணும்னு மாமா சொன்னார்."

பாய் கொஞ்ச நேரம் பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். அப்புறம் மடிப்பை மேலே வைக்கவில்லை. கீழே வைத்தார்! மேலே ஒரு சின்ன நாக்கு. ஆள்காட்டி விரலால் நாக்கை இழுத்தால் மூடி தானாகக் கீழே தொங்கும்.

"ஸ்பிரிங் ஒரு நாள் போவும் தம்பி. பூமி எங்க போவும்?"

டிச் பட்டனும் கிடையாது. பித்தளைப் பட்டன் தோல் எண்ணெயில் பச்சை பூக்கும், தவிர 'டிச்' என்ற பேரே அது போடுகிற சத்தத்தினால்தானே? தூக்குச் சட்டி மூடி மாதிரி இறுக்கத்திலேயே நிற்க வேண்டும். சனிக்கிழமை வரச் சொன்னார். நிழலில்தான் காய வேண்டுமாம். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், சீக்கிரம் முறியும்.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். பிரியாணியைப் பற்றி எழுதினால் எடிட்டர் இன்னும் நாலு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும். கத்தரிக்காய்த் தொக்கை இரண்டாம் முறை கேட்டேன் என்பதோடு விடுகிறேன்.

சனிக்கிழமை போனபோது குப்பிகள் காய்ந்து, தட்டினால் மரம் மாதிரி சத்தம் வந்தது. மடிப்புக்கான க்ரோம் வாரைப் பாய் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். மடங்கும் இடத்தில் மட்டும் பாதிக் கனம். கனமான தோலை மடக்கினால் வெளிப்பக்கம் இழுபட்டு வெடிக்கும், மெல்லிசாக இருந்தால் வளைந்து கொடுக்கும். தையல் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் கெட்டியாக இருக்குமே என்று என் கருத்தைச் சொன்னேன்.

"ஸ்டாம்பு கிழிச்சிருக்கீங்களா? எதனால சுளுவா கிழியுது? ஓட்டை நெருக்கம்."

வாயை மூடிக்கொண்டேன். தைத்து முடித்ததும் பாய் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தைத் தையலுக்கு ஒட்டினாற்போல் வைத்து, பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்படிப் பிடித்தால் பைனாகுலர் பூதக்கண்ணாடி ஆகிவிடும் என்பது பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. ஒரு தையலைப் பிரித்து மறுபடி போட்டார்.

"கழுத்துல மாட்டிக்கிட்டு குதிங்க."

"இங்கேயா பாய்?"

"இங்கதான்."

பஜாரில், பட்டப்பகலில், முப்பத்துச் சொச்சம் வயசில், பைனாகுலரோடு குதித்தேன். இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள். மூன்றாவது குதியில் வலது மூடி திறந்துகொண்டது. மூடியின் உள்விளிம்பில் வழுவழு இல்லாத மெல்லிய தோலை ஒட்டினார். மறுபடி குதித்தேன். நின்றது.

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டேன். தோல் சோதனைக் கூடங்களில் மடக்கி மடக்கிப் பார்க்க மெஷின் இருக்கிறது, நல்ல தோல் லட்சம் மடக்குகூடத் தாங்கும் என்றார். எனக்குள்ளிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. மாமா தினம் பத்துத் தடவை திறந்தால் வருஷத்துக்கு 3,650. லட்சத்துக்கு 27 வருஷம். தேய்மானம் நேர்க்கோட்டு முறையில் போட்டால் வருஷத்துக்கு மூன்றே முக்கால் சதவிகிதம்கூட இல்லை. மாமாவுக்கு இப்போது 66. கணக்கை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"மெசின்ல தூசு இல்ல தம்பி. வேர்வை இல்ல, மழ இல்ல" என்றார் பாய். "தோலு ஈரம் குடிக்கும். மழக்காலத்துல இத மாட்டியே வெச்சீங்கன்னா மறுபடி பூசணம்தான். கழட்டித் தனியா வெக்கணும்." பையனிடம் ஏதோ சொல்ல, அவன் புது ஷூ டப்பாக்களில் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு கை அள்ளிக் கொடுத்தான். பைனாகுலர் தூங்குகிற டப்பாவில் நாலைந்து போட்டு வைக்கணும், மூணு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும் என்று உத்தரவு.

கூலி நானூறு ரூபாய் கேட்டார். ஆன்லைனில் மூன்று தடவை நான் தண்டம் அழுததில் பாதிகூட இல்லை. பேரம் பேசாமல் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அது புதுசு.

மாமா கையில் கொடுத்தேன். "மேல தூக்கும்னு சொன்னேன். இது இன்னாடா கீழ தொங்குது?" என்றார். பூமி விஷயத்தைச் சொன்னேன். நாக்கை இழுத்தார், மூடினார். இழுத்தார், மூடினார். ஞாயிறு பூராவும் அதே வேலை. என் கணக்குப்படி அன்று ஒரே நாளில் பத்து நாள் தேய்மானம்.

திங்கட்கிழமை காலை மச்சான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தையிடம் சொல்லிவிட்டு, என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மாடியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். கிளம்பிப் போனான். நான் மேலே ஏறினேன். மாமா கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றிருந்தார். பஸ் ஹாரன் கேட்டதும் இரண்டு ஆள்காட்டி விரலும் அசைந்தன. சத்தமே இல்லை. பஸ் வயலோரமாகப் போனது, வளைவில் திரும்பியது, மறைந்தது. மாமா இன்னும் பைனாகுலரை இறக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் இறக்கினார். மூடிகளை மூடினார். கண் வைக்கிற பக்கத்தைத் தோள் துண்டால் இரண்டு தரம் துடைத்தார்.

"மாப்ளே, பின்பக்கத்துக்கும் ரெண்டு போடச் சொல்லு அந்த பாய்கிட்ட" என்றார். "பனி எறங்குது."